ஹல்வர்சன் சாருக்குக் கதவு திறக்கவில்லை

ஹல்வர்சன் தன் வகுப்பறைக் கதவின் பிடியைத் திருகினார். அது அசையவில்லை; சாவி உள்ளே மேசைமேல் இருந்தது. கையில் சூடான காப்பிக் குவளை. தலைக்கு மேலே ஒலிபெருக்கி. கதவுகளைப் பூட்டுங்கள், விளக்கை அணையுங்கள், சத்தம் கூடாது என்று தலைமையாசிரியை அதில் மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காப்பி நிரப்ப இரண்டு நிமிடம் வெளியே போனதுதான் அவர் செய்த குற்றம். துப்பாக்கியோடு எவனாவது வந்தால் என்ன செய்வதென்று அந்தப் பள்ளியில் வருடத்துக்கு ஐந்து தடவை ஒத்திகை உண்டு. என்றைக்கு என்று ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் வந்துவிடும். மின்னஞ்சல் படிக்கிற வழக்கம் ஹல்வர்சனுக்குக் கிடையாது. ஆகவே, அமெரிக்காவின் மினியாபொலிஸ் புறநகரின் அந்த நீண்ட தாழ்வாரத்தில், இது ஒத்திகையா நிஜமா என்று தெரியாமல் தன்னந்தனியாக நின்றார்.

உள்ளே அவருடைய பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தேழு பேர். பத்தே விநாடியில் பூட்டி, கதவுக் கண்ணாடியைக் காகிதத்தால் மறைத்து, மூலையில் ஒடுங்கி உட்கார அவர்தான் பழக்கியிருந்தார். மற்ற வகுப்புகளுக்கு இருபது விநாடி ஆகும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

கதவிடுக்கில் வாயை வைத்தார்.

"நான்தாம்பா, ஹல்வர்சன். திறங்க."

பதில் இல்லை. குரல் பிடிபடவில்லை போலிருக்கிறது என்று, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிக் கதவுக்கு அடியில் தள்ளினார். ஒரு கை சட்டென்று அதை உள்ளே இழுத்துக்கொண்டது. அவ்வளவுதான். கதவும் திறக்கவில்லை, அட்டையும் போயிற்று.

சரி, தன்னைத் தவிர வேறு எவனும் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லிப் பார்ப்போம் என்று, விஸ்கி வரிக்கு எதிராகக் குடியானவர்கள் கலகம் செய்த பாடத்தில் வருடா வருடம் தான் சொல்லும் நகைச்சுவையைச் சொன்னார். உள்ளே யாரும் சிரிக்கவில்லை. எப்போதுமே யாரும் சிரிப்பதில்லை என்பதால், அதை வைத்து அவரால் எந்த முடிவுக்கும் வர முடியவில்லை.

"திறக்கிறவங்களுக்கு அஞ்சு மார்க் சேர்த்துப் போடறேன்."

உள்ளே ஏதோ அசைந்தது. யாரோ யாரையோ அதட்டி அடக்குவது கேட்டது.

"பத்து."

பத்து மார்க்குக்கு மசியாத பிள்ளைகளைத் தன் இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவர் கண்டதில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இது நிஜமேதான்.

அடுத்த அறை கணக்கு டீச்சர் மார்லிஸுடையது. பத்தொன்பது வருடமாக இருவரும் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள். தன் பேரைச் சொல்லிக் கதவைத் தட்டினார். பதிலுக்கு ஒரு பீரோவை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் சத்தம் வந்தது. ஆய்வுக்கூடம், நூலகம், கழிப்பறை என்று அகப்பட்ட கதவையெல்லாம் பிடித்து ஆட்டினார்.

ஆட்டிய ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் போலீசுக்குப் போன் செய்தார். ஆறடி ஆள் ஒருவன் கதவு கதவாக உலுக்குகிறான், மார்க் தருவதாகப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுகிறான் என்று தகவல் போனது. பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய ஒத்திகை அந்த நேரத்தில் நிஜமாகிவிட்டது. வாகன நிறுத்தத்தில் பெற்றோர் வந்து குவிந்தார்கள். வீட்டுச் செருப்போடு ஓடிவந்த ஒரு தாய், கணுக்கால் புதையும் பனியில் நின்று மகன் பேரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

சைரன் கேட்டதும் ஹல்வர்சன் ஓட ஆரம்பித்தார். கையில் இரும்புக் குவளையோடு ஓடுகிறவனைப் பார்த்தால் போலீஸ்காரன் என்ன நினைப்பான்? குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி விலங்கு மாட்டினார்கள்.

"நான் இங்க வாத்தியார்."

"கார்டு எங்க?"

"பசங்க வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

முழங்கால் இன்னும் அழுத்தியது.

குளிர்ந்த தரையில் கன்னம் பதிய, கொட்டிய காப்பி சட்டையில் ஊற, நாற்பது நிமிடம் கிடந்தார். முதுகு வலிக்கத்தான் செய்தது. ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொண்டது வேறு விஷயத்துக்கு. உண்மையிலேயே எவனாவது வந்திருந்தால், அந்தக் கதவுக்கு முன்னாலேயே தன் கதை முடிந்திருக்கும். இருபத்தேழு பேரும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள். செப்டம்பரிலிருந்து தினமும் ஐம்பது நிமிடம் பேசியும், ஒரு பிள்ளைக்குக்கூடத் தன் குரல் மனதில் பதியவில்லை. இதை நினைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. விலங்கு மாட்டியிருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை.

கடைசியில் தலைமையாசிரியை வந்து, இவர் எங்கள் ஆள்தான் என்றார். விலங்கைக் கழற்றும்போதே, திங்கட்கிழமை காலையில் என்னை வந்து பாருங்கள் என்றும் சொன்னார். பிறகு தன் சாவியால் அந்த அறையைத் திறந்தார். பிள்ளைகள் தலைமேல் கைவைத்தபடி வரிசையாக வெளியே வந்தார்கள். யாரும் ஹல்வர்சன் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியாக வந்தவள் ஹோடன். கதவுக்குப் பக்கத்து இருக்கைக்காரி, பூட்டியவளும் அவளே. வகுப்பில் வாயே திறக்காத பெண். ஹல்வர்சனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என் குரல்கூடவாம்மா உங்களுக்குத் தெரியலை?"

ஹோடன் ஆச்சரியத்தோடு அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"முதல் வார்த்தையிலேயே தெரிஞ்சிடுச்சு சார். அதனாலதான் திறக்கலை. தெரியாதவங்க யாரும் துப்பாக்கியோட ஸ்கூலைத் தேடி வர்றதில்லையே."