கதவில் அடித்த கேசட் அலமாரி

எனக்கு மூளை ரொம்ப அதிகம் என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது வயது இருபத்திரண்டு. படிப்பு மூன்றாம் வகுப்பு. (அதிலும் பாதி நாள் மட்டம்.)

வீட்டுக்காரர் துபாயில். நான் எழுத்துக்கூட்டி ஒரு கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும் என்பதால், அவர் பேசியே கேசட்டில் பதிந்து ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவார். அவர் அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கூடவே அவரே பாட்டுப் பதிந்த கேசட்டுகள். சங்கரன்கோவிலில் எனக்கும் மாமியாருக்கும் இருந்ததோ ஒன்றரை அறை வீடு. அரிசிப் பானைக்குள் கைவிட்டால்கூடக் கேசட்தான் வந்தது.

கடைசியாக எனக்கு வந்ததில், அடுத்த லீவில் திருநெல்வேலியில் தனி வீடு பார்ப்போம், அம்மா காதுக்கு மட்டும் போகவே கூடாது என்று சொல்லியிருந்தார். அதைப் பத்திரமாக வைக்கத்தான் அலமாரி யோசனையே வந்தது. சுவரில் இடமில்லை. கதவின் முதுகு சும்மாதானே கிடக்கிறது!

ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார். "ஏ தாயி, கதவு ஆடுத சாமான். அதுல போயி அலமாரி அடிக்கச் சொல்லுதியே?"

"நீங்க பலகைய அறுத்துத் தாங்க அண்ணாச்சி. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டேன். ஆணியை நானே அடித்தேன். டப்பாவோடு அடுக்கினால் பாதிக் கேசட்தான் பிடித்தது. உடனே என் அதிகப்படி மூளை வேலை செய்தது. டப்பாக்களைக் கழற்றி, தள்ளுவண்டிக்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றேன். எது யாருக்கு வந்தது என்று எழுதியிருந்தது டப்பாவுக்குள் இருந்த அட்டையில்தான். அதனால் என்ன? மேல்தட்டு மாமியாருக்கு, நடுத்தட்டு எனக்கு, கீழ்த்தட்டு பாட்டு. இதில் குழம்ப நான் என்ன மடச்சியா?

(ஆமாம்.)

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் குருவிகுளத்துச் சொந்தங்கள் வந்து வீடு நிறைந்தது. மாமியார் கதவைத் திருப்பிக் காட்டினாள். "பாத்தியளா, எம் மருமவ கதவ மாசமாக்கி வச்சிருக்கா!"

வீடே சிரித்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே போய்க் கதவை ஓங்கி அறைந்தேன். (கோபம் வந்தால் கதவை அறைவது என் பிறவிக் குணம். ஆணி அடிக்கும்போது இது நினைவுக்கு வரவில்லை.) அலமாரி பெயர்ந்து அத்தனை கேசட்டும் என் காலடியில் கொட்டியது. மேலா, நடுவா, கீழா? எல்லாம் ஒரே மூஞ்சி.

"ஏட்டி, கோவத்தப் பொறவு வச்சுக்க. எம் மவன் பேசுனதக் கொண்டாந்து போடு. எல்லாரும் கேக்கட்டும்."

முதலில் போட்டது பாட்டு. இரண்டாவதும் பாட்டு. கோமதித் தாயே, மூன்றாவதும் பாட்டாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினேன்.

"ஏ கண்ணு..." என்றது டேப்ரிக்கார்டர்.

நிறுத்தப் போன என் கையை மாமியார் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, இரு. அம்மைய எவ்வளவு பாசமாக் கூப்பிடுதான் பாரு!"

"...அம்மை பேச ஆரம்பிச்சா நீ காதுல பஞ்ச வச்சுக்க. அடுத்த லீவுல திருநெல்வேலியில தனி வீடு பாத்திருவோம். டவுன்ல, கோயில் பக்கமா. அம்மைக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

முறுக்கு கடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை நிறுத்திவிட்டார்கள். மாமியார் ஒப்பாரி வைப்பாள் என்று காத்திருந்தேன். அவள் நிதானமாக என் கையை விட்டாள்.

"திருப்பிப் போடு. எந்தப் பக்கம் வீடுன்னு சரியாக் கேக்கல."

அவர் லீவில் வந்து இறங்கியபோது அவளுடைய ட்ரங்குப் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. தனி வீட்டில் முதலில் வலது காலை வைத்தவள் அவள்தான். காற்று வருகிற முன்னறையும் அவளுக்கே. வருகிறவர்களுக்கெல்லாம், "இது எனக்குத் தெரியாம எம் மவன் பாத்த வீடு" என்று சுற்றிக் காட்டுவாள்.

அவள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிற சொந்தக்காரர்கள் தெருமுனையில், "தெரியாம பாத்த வீடு எது?" என்றுதான் விசாரிக்கிறார்கள். பெட்டிக்கடைக்காரர் சரியாகக் கை காட்டுகிறார்.