மாஜி ராணியின் பேரப்பிள்ளைகள்

மாட்சிமை தங்கிய மாஜி ராணி கெர்ட்ரூட் அம்மையாரின் வம்சாவளியைத் தயாரித்து வெளியிடுவதென டென்மார்க்கின் ஹெஸ்ட்விக் நகராட்சி ஏகமனதாகத் தீர்மானித்தது. முந்நூறு வருஷத்துக்கு முன் முடியைத் துறந்துவிட்டு, நல்ல காற்றுக்காக இந்த ஊருக்கு வந்து, பொரித்த விலாங்கு மீன் தின்றே காலத்தை ஓட்டியவர் அவர். ஊருக்கு அவர் செய்த நன்மை ஒன்றுகூட யாருக்கும் ஞாபகமில்லை. விழா எடுக்க அது ஒரு தடையா என்ன?

சந்தைச் சதுக்கத்தில் சாசேஜ் சுட்டு விற்கும் வண்டி வைத்திருந்த காசிமிர் இதைக் கண்டுகொள்ளவேயில்லை. அவன் பாட்டன் பீட்ரூட் வயலில் கிழங்கு பிடுங்கப் போலந்திலிருந்து வந்தவர். ராணிக்கும் அவனுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? ஆனால் வம்சாவளி வெளியான மறுநாளே ஓர் அறிவிப்பு வந்தது. சதுக்கத்தில் வண்டி வைக்கும் உரிமை விழா நாள் முதல் அரச வழித்தோன்றல்களுக்கு மட்டும். அந்த வண்டி போனால் காசிமிர் வீட்டில் உலை கொதிக்காது.

நேரே பாரம்பரியத் துறைத் தலைவி குட்ரூன் ஹான்சனிடம் போய் நின்றான்.

"ஊர்ல எல்லாரும் பட்டியல்ல இருக்காங்க. குப்பை அள்ற எஸ்கில்கூட இளவரசனாம். நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?"

"பாவம் இல்லைங்க, பூர்வீகம். ராணியோட பேரன் பேரு யென்ஸ் ஹான்சன். தேவாலயப் பதிவேட்டைப் புரட்டினா பக்கத்துக்குப் பக்கம் யென்ஸ் ஹான்சன்தான்."

"அந்தக் காலத்துல ஹான்ஸ் பெத்த பிள்ளையெல்லாம் ஹான்சன்தானே அம்மா. கல்லை விட்டெறிஞ்சா ஒரு யென்ஸ் ஹான்சன் மேல விழுமே. எல்லாரும் ஒரே ஆளா?"

"ஒரே ஆள்னு துறை முடிவு பண்ணிடுச்சு."

"ஒரே வருஷத்துல அவருக்குப் பதினோரு பெண்டாட்டியா?"

"அரச ரத்தம். கொஞ்சம் சுறுசுறுப்பு இருக்கத்தானே செய்யும்" என்றார் குட்ரூன். அவரும் ஹான்சன் வம்சமாயிற்றே, சற்றே வெட்கப்பட்டார்.

அதன் பிறகு ஊர் ஊராக இல்லை. ரொட்டிக்கடையில் எண் சீட்டு கிழித்து வரிசையில் நிற்கும் வழக்கம் ஒழிந்தது. அரியணைக்கு யார் நெருக்கமோ அவருக்கே முதல் ரொட்டி. யார் நெருக்கம் என்று சண்டை தீர்வதற்குள் ரொட்டி காய்ந்து கட்டையாகிவிடும். இளவரசர் எஸ்கில் குப்பையைத் தொட மறுத்தார். ஊரே நாறியது. ஆனால் கண்ணியமாக நாறியது.

விழா நாள் காலையில் குட்ரூன் மூச்சிரைக்க வண்டியிடம் ஓடிவந்தார்.

"காசிமிர், நீங்கதான் காப்பாத்தணும். ஊர்வலத்துல எல்லாரும் ரதத்துல ஏறிட்டாங்க. தெருவுல நின்னு கொடி ஆட்ட ஜனங்களே இல்ல. அதனால உங்களைப் பொதுமக்களா நியமிச்சிருக்கோம்."

"மொத்தம் எத்தனை பேரு?"

"நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப என் வண்டி?"

"பொதுமக்களோட வண்டிமேல யார் கை வைக்க முடியும்?"

வண்டி பிழைத்தது. காசிமிர் இந்தப் பக்கம் கொடி ஆட்டிவிட்டு, தெருவைத் தாண்டி ஓடி அந்தப் பக்கமும் ஆட்டினான். சாலையின் இருமருங்கிலும் மக்கள் வெள்ளம் என்று பத்திரிகை எழுதியது.

இலையுதிர் காலத்தில் நகராட்சித் தேர்தல் வந்தது. அங்கேதான் இடித்தது. அரச குடும்பத்தார் ஓட்டுப் போடுவதில்லை என்பது அந்த நாட்டு வழக்கம். தேர்தலில் நிற்பதோ நினைத்தும் பார்க்க முடியாத அவமரியாதை. ஆக, வாக்காளர் காசிமிர். வேட்பாளர் காசிமிர். நூற்றுக்கு நூறு வாக்குகள் பெற்று அவன் மேயரானான்.

பதவியேற்ற அன்றே எஸ்கில் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"டேய் காசிமிர், உனக்குப் புண்ணியமாப் போகும். இந்தக் கூத்தை நிறுத்துடா. ரொட்டி தின்னு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"அதுக்குத்தானேடா வந்திருக்கேன்" என்றான் காசிமிர். மனசாரத்தான் சொன்னான். உத்தரவு எழுத நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்காலி மெத்தென்று இருந்தது. சாய்ந்து பார்த்தான். இன்னும் நன்றாக இருந்தது. குட்ரூனைக் கூப்பிட்டான்.

"ஏம்மா, போலந்துலயும் ராஜாக்கள் இருந்தாங்கதானே?"

"நிறைய பேர் இருந்தாங்க ஐயா."

"எங்க பாட்டன் பேரு யான்."

குட்ரூன் பவ்வியமாகத் தலை குனிந்தார். "அங்க யான்னு ஒரு ராஜாவே இருந்திருக்கார் ஐயா. துறை பார்த்துக்கும்."

மறுநாள் மதியம் ஹெஸ்ட்விக் அரச குடும்பம் மொத்தமும் பசி தாங்காமல் சதுக்கத்துக்கு வந்தது. சாசேஜ் வண்டி இருந்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது. அடுப்புப் பற்றவைக்கத்தான் ஊரில் பொதுமக்கள் யாரும் மிச்சமில்லை.