வேறு மலையில் ஒரு பிரதி

கையில் ஒன்று மட்டும் இருக்கும் பொருளை இல்லாத பொருளாகவே கருதிய மனிதர் இலங்கையின் ஊவா மாகாணம் முழுவதிலும் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் அதிபராக இருந்த காலத்தில் கணினி அறை அவர் பொறுப்பில் இருந்தது. எதைக் காட்டினாலும் “இன்னொண்ணு எங்க இருக்கு?” என்பார். ஆகவே அவர் பெயரே ‘இன்னொண்ணு’ ஆயிற்று. எப்போதும் இரண்டு குடைகள் வைத்திருப்பார். ஆனாலும் மழையில் நனைந்தபடிதான் வருவார். ஒன்றை விரித்தால் மிச்சம் ஒன்றுதானே இருக்கும் என்பது அவர் கவலை.

பாடசாலைக் கூரையில் ஒரு மழைமானி இருந்தது. மழை குறித்த அளவைத் தாண்டினால் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான கீழ் லயத்துத் தொலைபேசிகளைக் கணினி ஒவ்வொன்றாக அழைக்கும். மண் சரியுமுன் ஆட்கள் மேட்டிலிருக்கும் கோயிலுக்கு ஏறிவிடுவார்கள். எந்த அளவு, எந்தெந்த எண்கள் என்பதெல்லாம் ‘செட்டிங் ஃபைல்’ என்ற சிறு கோப்பில் இருந்தன. அதில் ஓர் எழுத்தைத் தொடுமுன் இன்னொண்ணு பிரதி எடுப்பார். ஒன்று அதே கணினியில். ஒன்று பென் டிரைவில், கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில். மூன்றாவது மடுல்சீமையில், அக்கா வீட்டு அரிசி டின்னில்.

“அவ்வளவு தூரம் எதுக்கு?” என்று கேட்டேன்.

“இந்த மலை சரிஞ்சா என் கழுத்தும் சேந்துல்ல போயிரும் சேர்? ஒண்ணு வேற மலையில இருக்கணும்.”

மாதம் ஒருமுறை பஸ் மாறி மாறிப் போய் அதைப் புதுப்பித்து வருவார். பூசாரி ஒரு நாள் கயிற்றைப் பார்த்து, “எந்த சாமி தாயத்துங்க?” என்று கேட்டாராம். “சாமியெல்லாம் இல்லீங்க, எட்டு ஜீபி” என்றாராம் இவர்.

அவரைக் கேலி செய்யும் உரிமை பெற்றவள் என் மனைவி. அதே பாடசாலையில் ஆசிரியை. பட்டியலின் முதல் எண் அவளுடையது. அழைப்பு வந்ததும் லயத்துக்கு ஓடிக் கதவு கதவாகத் தட்டுவாள்.

“உங்களுக்குக் கல்யாணம் ஆகாததும் நல்லதுதான். பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் இன்னொண்ணு எங்கன்னு கேட்டிருப்பீங்க.”

“போங்க டீச்சர்” என்று தலையைக் குனிந்துகொள்வார்.

ஒரு புரட்டாசியில் அவள் இறந்தாள். சில நாட்களின் பின் அந்தக் கோப்பைத் திறந்தேன். முதல் வரியில் அவள் பெயரும் எண்ணும். அழித்தேன். அதே கணினியிலிருந்த பிரதியிலும் அழித்தேன். எவரிடமும் சொல்லவில்லை.

மறுவாரம் ஒரு பிற்பகலில் மழை அளவைத் தாண்டியது. எந்தத் தொலைபேசியும் ஒலிக்கவில்லை. பட்டியலில் இருந்த தம் இரண்டு தொலைபேசிகளையும் இன்னொண்ணு மாறி மாறிப் பார்த்தார். கோப்பைத் திறந்தார். முதல் வரி வெறுமையாக இருந்தது. அதைக் கண்டதும் பட்டியல் முடிந்ததென்று கணினி நின்றுவிட்டது. பிரதியிலும் அதே வெறுமை.

“யாரு சேர் தொட்டது?”

“நான்தான்.”

என் முகத்தைப் பார்த்தார். கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்து அறுத்து, பென் டிரைவைக் கணினியில் செருகினார்.

நான்கு நிமிடங்கள் சென்றிருக்கும். முதலில் ஒலித்தது என் சட்டைப் பையிலிருந்த அவள் தொலைபேசி. பிறகு கீழ் லயத்தில் ஒவ்வொன்றாக. சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேடேறியது. பொழுது சாயுமுன் கடைசி லயத்தின்மேல் மண் இறங்கியது. உள்ளே பாத்திரங்கள் மட்டுமே இருந்தன.

மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். அவள் பெயர் அங்கேயே இருந்தது.

“அழிக்கல சேர். முன்னால ஒரு குறி போட்டிருக்கேன். இனிமே மிஷின் இந்த வரியப் படிக்காது. நாம படிச்சுக்கலாம்.”

அந்த மாதம் மடுல்சீமைக்கு அவருடன் நானும் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. இன்னொண்ணு ஒரு குடையை விரித்து என் தலைக்குமேல் பிடித்தார். மற்றதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அரிசி டின் இருக்கும் வீடுவரை நனைந்தபடியே நடந்து வந்தார்.