தண்ணீர் வராத நாளெல்லாம் நான் வானொலியில் வருகிறேன்

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். இங்கே உங்கள் தங்கை சௌக்கியம். நான் இருக்கிறேன். அங்கே அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்பி, என் வயிற்றெரிச்சலை எழுதத் தொடங்குகிறேன்.

நூலகத்தின் பின்னறையில், சுவரெல்லாம் சாக்கு ஒட்டி, ஊருக்கென்று ஒரு சமுதாய வானொலி வைத்திருக்கிறார்கள். ஊர் முன்னேற வேண்டுமானால் ஊர்க்காரர்களே பேச வேண்டும் என்றார்கள், நானும் கைதட்டினேன். அந்த ஊர்க்காரர்களில் என் பெண்டாட்டியும் ஒருத்தி என்பது அப்போது உறைக்கவில்லை. தினமும் காலையில் குறை கேட்கும் நிகழ்ச்சியை அவள்தான் நடத்துகிறாள். சாலையில் பள்ளம் இருக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை, ஆனால் போன் போடுகிறவர்கள் எல்லாம் தண்ணீரைப் பற்றியே பேசுகிறார்கள். ஊர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவன் யார்? நான்தானே. முன்பெல்லாம் கோபம் வந்தால் என்னைப் பார்த்ததும் குடத்தை நங்கென்று வைப்பார்கள், அதோடு சரி. இப்போது தையல்காரர் வானொலியிலேயே, "மூணு நாளா எங்க தெருவுக்கு சொட்டுத் தண்ணி இல்ல, மோட்டார்காரர் தூங்குறாரா?" என்று கேட்கிறார். அதற்கு இவள், "நான் கிளம்பும்போது தூங்கிட்டுத்தான் இருந்தாரு" என்று ஊரறியப் பதில் சொல்கிறாள்.

மோட்டார் கிழடு. மாற்றித் தரச் சொல்லி மேலிடத்துக்கு மனுப் போட்டு மனுப் போட்டு என் கை தேய்ந்தது அவளுக்குத் தெரியாதா? வீட்டிலேயே என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன். "வீட்ல நீங்க என் புருஷன். அங்க நீங்க ஊர்க்குறை" என்கிறாள். சலூனுக்குப் போனால் அங்கேயும் நிம்மதி இல்லை. பாதிச் சவரத்தில் சலூன்காரர், வடக்குத் தெருவுக்கு எப்போது திறப்பீர்கள் என்கிறார். கழுத்தில் கத்தி இருக்கும்போது நான் என்ன சொல்ல, இன்றைக்கே என்றேன். அதையும் அவர் வானொலிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, நேற்று இவள் ஒலிப்பதிவுக் கருவியோடு மோட்டார் அறைக்கே வந்து, அது இருமுவதையும் நான் அதைத் திட்டுவதையும் பிடித்துக்கொண்டு போய், இன்று காலை அப்படியே ஒலிபரப்பிவிட்டாள். அந்தத் திட்டை அன்றைக்கே நீங்கள் கேட்டிருந்தால் எனக்குப் பெண் கொடுத்திருக்க மாட்டீர்கள். மச்சான், அவமானமாக இருக்கிறது, தெருவில் தலைகாட்ட முடியவில்லை. நீங்கள் உடனே புறப்பட்டு வந்து அவளை வானொலியிலிருந்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் நான் இந்த வேலையையே விட்டுவிடுவேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். அவர்கள் காலத்திலாவது காதுகளுக்கு ஓய்வு கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டியவன்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து கடிதம் இரண்டு நாள் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. அதற்குள் மேலிடத்துப் பொறியாளர் புது மோட்டாரோடு லாரியில் வந்து இறங்கிவிட்டார். என் மனுக்களில் அந்த இருமல் அவருக்குக் கேட்கவில்லையாம், வானொலியில் கேட்டதாம். நேற்று மாலை கடைசித் தெரு வரைக்கும் தண்ணீர் பாய்ந்தது. தையல்காரர் என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். ஆகவே நீங்கள் வர வேண்டாம். புது மோட்டாரைப் பற்றி வியாழக்கிழமை வானொலியில் பேச என்னை அழைத்திருக்கிறாள். ஐந்து நிமிடம்தான் தருவாளாம். தயவுசெய்து உங்கள் தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லி, அதைப் பத்து நிமிடமாக்கித் தாருங்கள்.