கன்னிமார் குதிரைக்குத் தண்ணீர் காட்டிய விவகாரம்

வடகரப்பதி,
20-4-1978.

அமெரிக்காவில் மேல்படிப்பில் இருக்கும் மாப்பிள்ளை கந்தப்பனுக்கு, சின்ன மாமன் குப்பண்ணன் எழுதுவது. நானும் உன் அத்தை ராமாத்தாளும் கோபாலபுரத்தில் உன் தாயாரும் உடல் சுகத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உன் பெரிய மாமன் மாரப்பனும் சுகமாகத்தான் இருக்கிறான். அதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

மார்கழி விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெட்டியும், அதில் ஒரு புத்தகமும், இருபது முகம் வைத்த பகடையும் கொண்டுவந்தாய். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு குகைக்குள் போவதாகவும், எதிர்ப்படும் மிருகங்களை வெட்டுவதாகவும் பாவித்துப் பேசிக்கொண்டே இருப்பது ஒரு விளையாட்டு என்று சொன்னாய். பதினாலு வருஷமாகப் பேசிக்கொள்ளாத என்னையும் மாரப்பனையும் ஒரே பாயில் உட்கார வைத்தாய். அவனை வீரனாக்கினாய், உன் தாயாரை மந்திரக்காரியாக்கினாய், என் மனைவியைத் திருடியாக்கினாய். (அதைக் கேள்விப்பட்டு அவள் அண்ணன்மார் இரண்டு பேர் வேலந்தாவளத்திலிருந்து சைக்கிளில் வந்து என்னிடம் விளக்கம் கேட்டார்கள்.) இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே என்பதால் என்னை நடுவராக்கிவிட்டு நீ விமானம் ஏறிவிட்டாய். ஞாயிறுதோறும் மத்தியானம் உன் தாயார் பஸ் பிடித்து வந்துவிடுகிறாள். விளையாடாவிட்டால் அழுகிறாள். ஆகவே விளையாடுகிறோம்.

பேச்சு நின்ற காரணம் உனக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. பாகம் பிரிக்கும்போது மூத்தவன் பங்கு போடுவான், இளையவன் முதலில் எடுப்பான், இதுதான் நம்மவர் வழக்கம். மாரப்பன் கிணற்றுப் பூமியை ஒரு பங்காகவும், ரோட்டோரத் தென்னந்தோப்பை ஒரு பங்காகவும் போட்டான். எம்.ஏ. படித்த நான் யோசித்தேன். ரோட்டில் பஸ் வரும், பஸ் நின்றால் கடை வரும் என்று கணித்துத் தோப்பை எடுத்தேன். பஸ் இன்றுவரை நிற்காமல் போகிறது. நான் தப்பாக எடுப்பேன் என்று தெரிந்தே பங்கு போட்டவனை நான் மன்னிப்பதற்கில்லை. தலைமையாசிரியர் பதவியை என்னைத் தாண்டி வேறொருவனுக்குக் கொடுத்தவர்களைக்கூட ஒருவேளை மன்னிக்கலாம்.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தோப்பில் நூற்றிருபது மரமும் மட்டை தொங்கி நிற்கிறது, குரும்பை உதிர்ந்து கொட்டுகிறது. வைகாசிக்குள் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் விறகு. வரப்புக்கு அந்தப் பக்கம் மாரப்பன் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. "ஏனுங்க, ஒரு வார்த்த கேட்டாத்தான் என்னங்க, வாயில இருக்கற முத்தா உதுந்துரும்?" என்று ராமாத்தாள் தினமும் கேட்கிறாள். நான் கேட்க மாட்டேன். விறகாகட்டும்.

இனி குதிரை விஷயம். போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, புத்தகத்தில் ஒரு புது மிருகத்தைப் பார்த்தேன். வெள்ளிநிறக் குதிரை, பனிப்புகை போலப் பிடரி, நின்ற இடத்தில் மறைந்து இருபது கஜம் தள்ளித் தோன்றும், தன்னை ஆட்கொண்டவனுக்கு மட்டும் அடங்கும். இன்ன இனம் என்று போட்டிருந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அகராதியைப் புரட்டி 'வனதேவதைகளைச் சேர்ந்தது' என்று வாசித்தேன். பேய் என்று வாசித்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

"அப்ப அது கன்னிமார் குதிரை" என்றான் மாரப்பன். பாயில் இருந்த மூவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அது பாய்ந்து வருகிறது, வாளை எடுக்க வேண்டும் என்று பொதுவாகக் கூரையைப் பார்த்துச் சொன்னேன்.

"கன்னிமார் குதிரைய வெட்டறதா? படிச்சுப் படிச்சு வாத்தியாருக்கு மூள காஞ்சு போச்சு. மருதாத்தா, நான் உளுந்து கும்படறேன்னு அவங்கிட்டச் சொல்லு."

"கும்படறானாமா" என்றாள் உன் தாயார்.

"எனக்குக் காது இருக்கிறது."

கும்பிடுவதற்குப் புத்தகத்தில் விதி இல்லை. பகடையை உருட்டச் சொன்னேன். இருபது விழுந்தது. அவனுக்கு எப்போதும் அப்படித்தான் விழும். குதிரை அவனுக்கு அடங்கிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்காதே. நடுவர் என்ற முறையில்தான் சில நிபந்தனைகள் விதித்தேன். விளையாட்டுக்கு வேண்டிய வரைபடமாக நம் பூமியின் அளவுப் படத்தையே வைத்திருக்கிறேன், எனக்குத் தெரிந்த வேறு படம் கிடையாது. அதன்படி குதிரை நிற்பது என் தோப்பில். அங்கே தண்ணீர் இல்லை, மூன்று நாளில் குதிரை மறைந்துவிடும் என்றேன்.

"எங்க பக்கம் ஓட்டியாந்துர்றேன்னு சொல்லு."

எல்லை தாண்டாது என்றேன்.

மாரப்பன் கொஞ்ச நேரம் என் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான். ஒழிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை அவன் மோட்டார் சத்தம் கேட்டு வெளியே வந்தால், வரப்பை வெட்டி என் தோப்புக்குள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருக்கிறான், கையில் மண்வெட்டி. சாமிக்கு நேர்ந்துவிட்ட மாடு யார் காட்டில் நின்றாலும் தண்ணீர் காட்டவேண்டும் என்ற நம் ஊர் வழக்கத்தைக் காகிதத்துக் குதிரைக்கும் கொண்டுவந்துவிட்டான்!

"யாரைக் கேட்டுத் திறந்தே?" என்று கத்திவிட்டேன். பதினாலு வருஷத்தில் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை இப்படி வீணாயிற்று.

"உனக்கா உட்டேன்? குதிரைக்கு உட்டேன். நீ ஓரமா நில்லு, மிதிச்சுப் போடும்."

"ஒரு குதிரைக்கு எத்தன கொடம் வேணும்?"

"கன்னிமார் குதிரை எத்தன கொடம் குடிக்கும்னு எனக்கென்ன தெரியும்? உன்ற பொஸ்தகத்துல போட்டிருக்குதா?"

போடவில்லை. உன் அமெரிக்காக்காரர்களின் அலட்சியம் அது.

அன்றிலிருந்து தினமும் நாலு மணி நேரம் குதிரை குடிக்கிறது. வில்லேஜ் ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த மலையாளக் குமாஸ்தா படித்துவிட்டு, "மாஷே, தண்ணி இல்லேன்னு நூறு பராதி கெடக்குது. தண்ணி வந்துதுன்னு உங்களது ஒண்ணுதான்" என்று அதன்மேல் டீ கிளாசை வைத்தான். கேட்காமல் கொடுக்கப்படுவதை வாங்கிக்கொள்வது கேட்பதைவிடக் கேவலம் என்பது என் கொள்கை. ராமாத்தாளுக்குக் கொள்கை கிடையாது, அவள் அவனுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

ஆகவே புத்தகத்துக்குச் சொந்தக்காரன் என்ற முறையில் நீ உடனே உன் பெரிய மாமனுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். விதிப்படி அந்தக் குதிரை மறைந்துவிட்டது, தண்ணீரை நிறுத்தலாம் என்று தெளிவாக எழுது. கல்லூரி முத்திரை இருந்தால் நல்லது.

குளிருக்குக் காது மூடிக்கொள். உன் தாயாரும் அத்தையும் நீ தீர்க்காயுசாக இருக்கக் குலசாமியை வேண்டிக்கொள்கிறார்கள். நானும் மறுப்புச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
சின்ன மாமன்
குப்பண்ணன்

பி.கு.: தபாலில் சேர்க்குமுன் தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். மேலே கேட்ட கடிதம் வேண்டாம். அது பெண் குதிரை என்றும், சினையாக இருந்து இரண்டு குட்டி போட்டிருக்கிறது என்றும், குட்டிகள் தெற்குக் கடைசி வரிசையை விட்டு நகராது என்றும் அண்ணனுக்கு எழுது. அந்த வரிசைக்கு இன்னும் தண்ணீர் எட்டவில்லை.