காலி இடத்துக்குக் கட்டிய அட்டை

தனிமங்களின் வரலாறு எழுதிய ஆசிரியர் அவர்களுக்கு,

பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் முப்பத்து நான்கு வருடம் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் எழுதிக்கொள்வது. நான் நலம், என் மனைவியும் நலம். அங்கே எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நீங்கள் என் மகளின் கணவர் என்பது தெரியும்; ஆனால் இந்தக் கடிதத்தில் அந்த உறவுக்கு வேலை இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவளிடம், “இந்த வீட்டுல உனக்கு இனி இடம் கிடையாது” என்று இரண்டு வருடத்துக்கு முன் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ‘மாமா, படித்துவிட்டு மனதில் பட்டதை எழுதுங்கள்’ என்று புத்தகத்துக்குள் ஒரு சீட்டு வைத்திருந்தீர்கள். ‘மாமா’வை அடித்துவிட்டேன். மனதில் பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

தங்கம் கிடைக்கும் என்று நம்பி, வாளி வாளியாக மூத்திரத்தைச் சேர்த்து, ஊறவைத்து, காய்ச்சி, கடைசியில் இருட்டில் மினுங்கும் பாஸ்பரஸைக் கண்டுபிடித்தவருக்கு ஆறு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்த நாற்றத்தில் அவரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு ஒரு வரி உண்டா? அடுத்தவர், கையில் கிடைத்த ரசாயனத்தையெல்லாம் நாக்கில் வைத்துப் பார்த்தாராம். எங்கள் கிடங்கில் கிரீஸ் டப்பாவை யாரும் நக்கிப் பார்த்துப் பதிவு செய்ததில்லை. இன்னொரு மேதை தனிமங்களுக்குப் பட்டியல் போட உட்கார்ந்து, வெளிச்சத்தையும் சூட்டையும் அதில் சேர்த்துவிட்டார். வெளிச்சத்தை எந்தத் தட்டில் அடுக்குவதாக உத்தேசமோ. எடைவரிசையில் வைத்தால் எட்டாவதுக்கு எட்டாவது குணம் திரும்பி வருகிறது என்று ஒருவர் சபையில் எழுந்து சொன்னபோது, அகரவரிசையிலும் வைத்துப் பார்த்தீரா என்று கேட்டுச் சிரித்தவர்களும் படித்தவர்கள்தான். பிற்பாடு அதே மனிதருக்குப் பதக்கம் கொடுத்தார்களாம். இவர்களையெல்லாம் நம்பி உலகம் எப்படி இத்தனை நாள் ஓடியது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆனால் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் உங்கள் கதாநாயகர், தனிம அட்டவணை போட்ட அந்தத் தாடிக்காரர்தான். கையில் இருந்த அறுபத்துச் சொச்சம் தனிமங்களை எடைப்படி வரிசையாக வைத்தார், ஒரே குணம் உள்ளவை ஒன்றின்கீழ் ஒன்றாக வந்தன, சரி. பொருந்தாத இடத்தில் என்ன செய்தார்? காலியாக விட்டுவிட்டு, இங்கே ஒன்று வரும், அதன் எடை இது, குணம் இது என்று முன்கூட்டியே எழுதிவைத்தார். ஐயா, கிடங்கில் காலி இடத்துக்குப் பெயர் இருப்புக் குறைவு. பொருள் வந்து, எடைபோட்டு, தட்டில் ஏறிய பிறகுதான் பெயரும் எடையும் எழுதி அதற்கு அட்டை கட்டுவோம். பொருள் வராமலே அட்டை கட்டிய எழுத்தர் ஒருவரை மூன்று மாதம் பழைய டயர் எண்ண அனுப்பியவன் நான். இதில் உச்சம், அவர் சொன்ன ஒன்றை வேறொரு நாட்டுக்காரர் நிஜமாகவே கண்டுபிடித்து, தண்ணீரைப் போல நாலே முக்கால் மடங்கு கனம் என்று அறிவித்தார். பொருளைக் கண்ணால்கூடப் பார்க்காத தாடிக்காரர், ‘தப்பு, கிட்டத்தட்ட ஆறு மடங்கு இருக்க வேண்டும், சுத்தம் செய்து மறுபடி பாருங்கள்’ என்று கடிதம் போட்டார். பார்த்தால் கிட்டத்தட்ட ஆறு. இந்தத் திமிர் எனக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவிடவில்லை.

போதாததற்கு உங்கள் புத்தகத்தை எனக்கு முன்னால் என் மனைவி படித்துத் தொலைத்தாள். மறுநாள் சமையலறை டப்பாக்கள் எல்லாம் எடைவரிசைக்கு வந்துவிட்டன. நாலு டப்பாவுக்கு ஒரு தரம் ஒரு வெள்ளைப் பொடி. நான் தேநீரில் சர்க்கரை என்று உப்பைப் போட்டேன், அதைக் கொட்டிவிட்டு இரண்டாவது தேநீரில் சமையல் சோடாவைப் போட்டேன், அது பொங்கி என் பென்ஷன் புத்தகத்தின் மேல் வழிந்தது, துடைக்க எடுத்த துணியில் ஏற்கெனவே மிளகாய்ப் பொடி இருந்தது, அதே கையால் கண்ணைத் தேய்த்தேன். ஒற்றைக் கண்ணோடு பார்க்கிறேன், தம்ளர் தட்டில் என் தம்ளருக்கும் அவள் தம்ளருக்கும் நடுவே ஒரு சாண் இடம் காலி. என் கண்ணாடியை அதில் வைத்தால் எடுத்துவிடுகிறாள். எதற்கு இந்தக் காலி இடம், உன் மகளுக்கா என்று கேட்டேன்.

“அவளுக்கு இடம் இல்லன்னு நீங்க சொல்லிட்டீங்க. இது அவளுக்கு இல்ல,” என்றாள்.

யாருக்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உங்களுக்குக் குழந்தை பிறந்த சேதி போனில் வந்தபோது நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன், எழுந்து போகவில்லை. ஏழு மாதமாக என் மனைவி அதன் படத்தை நீட்டுகிறாள், நானும் பார்க்கவில்லை. வீட்டை இப்படிக் கெடுத்த புத்தகத்துக்கு இனியாவது திருத்திய பதிப்பு வரட்டும், உங்கள் பேனா நீண்ட நாள் எழுதட்டும் என்று வாழ்த்துகிறேன். என் மகளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லவும்.

இப்படிக்கு,
வாசகன்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, கடிதத்தை ஒட்டுவதற்கு முன் கடைசி அத்தியாயத்தை மூன்றாம் முறை படித்தேன். எதோடும் சேராத வாயுக்கள் வந்து நின்றபோது முதலில் முரண்டு பிடித்த தாடிக்காரர், பிறகு அட்டவணையில் புதிதாக ஒரு வரிசையே ஒதுக்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பழைய இரும்புப் பெட்டியைப் பின்கட்டுக்குத் தள்ளி, கூடத்தில் மூன்று பேர் படுக்க இடம் செய்திருக்கிறேன். தம்ளர் தட்டின் காலி இடத்திலும் அட்டை கட்டியாயிற்று: எடை ஏழரைக் கிலோ. மூக்கு, என்னுடையது. கோபம், சீக்கிரம் சூடேறும், ஆற இரண்டு வருடம் ஆகும். பெயர், பெற்றவள் வந்து எழுத வேண்டியது. இன்னும் படம் பார்க்கவில்லை, உங்கள் மாமியார் சாட்சி. அவளையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம். எடை பொருந்தாவிட்டால் குழந்தையை மறுபடி நிறுக்க வேண்டும். அட்டையை மாற்ற மாட்டேன்.