காருக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கதை

எந்தப் பொருளைக் கண்டாலும் அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தைத் திறந்து பார்த்தேன். படிப்பு அன்றோடு முடிந்தது. (கடிகாரமும்தான்.) பிறகு செங்கல் சூளை, ரைஸ் மில், லாரி கிளீனர் வேலை என்று சுற்றினேன். எங்கேயும் மூன்று மாதத்துக்கு மேல் தரித்ததில்லை. படுக்க ஒரு சாக்கும் இரண்டு வேளைச் சோறும் கிடைத்தால் அது நல்ல உத்தியோகம்.

ஐம்பதுகளின் நடுவில், பாலக்காட்டில் தேங்காய் எண்ணெய் வியாபாரம் செய்த ஒரு ராவுத்தரிடம் டிரைவராகச் சேர்ந்தேன். அவருடைய கார் யுத்தத்துக்கு முந்தையது. பெட்ரோலைவிட ஆயிலை விரும்பிக் குடிக்கும். ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை பழைய ஆயிலை இறக்கிவிட வேண்டும் என்று லாரியில் கற்றிருந்தேன். சொன்னேன்.

"குறைஞ்சா ஊத்து. மாத்தறது எதுக்குடா? கிணத்துத் தண்ணிய மாத்தறோமா?" என்றார் முதலாளி.

அந்த மார்கழியில் சின்னக்கானல் எஸ்டேட்டிலிருந்து அவருக்குத் தபால் வந்தது. தொழிலாளர் கடைக்கு வருஷம் முழுவதும் எண்ணெய் கொடுக்க ஒரே ஒரு வியாபாரியை எடுக்கப் போகிறார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மானேஜர் முன்னால் நிற்க வேண்டும். நேரம் தவறினால் அவ்வளவுதான்.

"இது மலை ஏறுமாடா?"

"ஏத்திப்போடலாமுங்க முதலாளி."

சொல்லிவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன். மேஸ்திரி ஒரு சின்ன டப்பாவைக் காட்டினார். ஆயிலோடு கலந்தால் கிழட்டு எஞ்சினுக்கு வாலிபம் திரும்புமாம்.

"உள்ள என்னதானுங்க இருக்குது?"

"அது கம்பெனிக்காரன் ரகசியம்."

என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. மோந்து பார்த்தேன். விரலில் தேய்த்துப் பார்த்தேன். வழவழப்பு, வேறொன்றும் தெரியவில்லை. வழவழப்புக்கு எங்கள் குடோனில் பஞ்சமா?

ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தேன். ஒரு நட்டில் எஞ்சின் ஆயிலும் இன்னொன்றில் தேங்காய் எண்ணெயும் தடவி, மேலிருந்து சேர்ந்தாற்போல வழுக்கவிட்டேன். தேங்காய் எண்ணெய் முதலில் வந்தது. மறுபடி விட்டேன். மறுபடியும் அதுவே. (எங்கள் ஊரிலேயே மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் லேசாக உறையும். நான் பரீட்சை நடத்தியதோ மத்தியான வெயிலில்.)

முதலாளி தொழுகைக்குப் போன நேரத்தில் பழைய ஆயிலை இறக்கினேன். கஷாய மண்டி போலக் கொழகொழவென்று வந்தது. புது ஆயில் பாதி, முதலாளியின் சொந்தச் சரக்கு பாதி என்று ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை உடுமலை, மறையூர் வழியாகக் கார் பூனை மாதிரி ஏறியது.

"என்னடா செஞ்சே? சத்தத்தையே காணோம்!"

"ஆயில் மாத்தினேனுங்க."

"அடப்பாவி, இதை இத்தனை நாள் சொல்லலியே!"

அன்றிரவு எஸ்டேட்டுக்குப் பக்கத்திலுள்ள சூரியநெல்லியில், முதலாளிக்குத் தெரிந்த பேச்சியம்மாளின் டீக்கடையில் தங்கினோம். காலை ஏழு மணிக்கு எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைக் காரின் முன்னால் செருகிச் சுழற்றினேன். சுழலவில்லை. தொங்கினேன். நான்தான் ஆடினேன், எஞ்சின் ஆடவில்லை. ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தால், அழுக்கு நெய்யில் முக்கி எடுத்ததுபோல இருந்தது.

பேச்சியம்மாள் எட்டிப் பார்த்து, கம்பியை வாங்கி மோந்தாள்.

"ஏ தம்பி, இது தேங்கா எண்ணெயல்லா! இங்கன தலைக்குத் தேய்க்கதையே அடுப்புகிட்ட வச்சு உருக்கித்தான் தேய்க்கோம். நீ காருக்குத் தேச்சிருக்க!"

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பார்த்தார்.

"யாரு எண்ணெய்டா?"

"உங்களுதுதானுங்க."

"யா அல்லா! கலப்படமே இல்லாத எண்ணெய்டா அது! உறையாம என்ன செய்யும்?" கோபமா பெருமையா என்று அவருக்கே தெரியவில்லை.

பேச்சியம்மாள் அடுப்புத் தணலைத் தகரத் தட்டில் வாரிக்கொண்டு வந்தாள். அதைக் காரின் அடியில் தள்ளிவிட்டு, நான் மண்ணில் படுத்து விசிறினேன். டீ குடிக்க வந்தவர்கள் குளிர் காய்ந்தார்கள். ஒன்பதரைக்கு எஞ்சின் உறுமியது. அந்த வட்டாரம் முழுக்க நேந்திரங்காய் வறுக்கிற வாசனை.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒன்பதுக்கே வந்திருந்த ஒருவருக்கு எண்ணெய் காண்டிராக்ட் போயிருந்தது.

பாலக்காடு வந்ததும் நான் என் சாக்கைச் சுருட்டினேன்.

"எங்கடா கிளம்பினே? அந்த எஞ்சினைக் கழட்டி, ஒவ்வொரு துண்டாத் துடைச்சு, திரும்ப மாட்டிட்டுப் போ."

எண்ணெய் உள்ளே பிசினாய் ஒட்டியிருந்தது. கழற்றித் துடைத்து மாட்ட நாலு மாதம் ஆனது. அதற்குள் எஞ்சினுக்குள்ளே என்னென்ன இருக்கிறது என்று முழுக்கப் பார்த்துவிட்டேன். அடுத்த பதினொரு வருஷம் அங்கிருந்து நகரவில்லை. ஆயிரம் மைல் ஆவதற்கு முன்பே, "கிணத்துத் தண்ணி மாத்தியாச்சாடா?" என்று முதலாளியே கேட்பார்.

பட்டறை வைத்துக் கல்யாணமும் செய்துகொண்ட பிறகு, ஒவ்வொரு மார்கழியிலும் என் மனைவி தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்ப் பாட்டிலை அடுப்போரம் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள்: "ஏனுங்க, வண்டி கிளம்ப இன்னும் அஞ்சு நிமிசம் ஆகுமுங்க!"